யோகம்மா மிஸ்ஸி கேட்ட கேள்வி

யோகம்மாவுக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. ஆங்கிலம் சுத்தமாகும். சாதாரண நாளில் தமிழும் மலாயும் கலந்து வாய்க்கு வந்தபடி பேசுகிறவள், கோபம் ஏற ஏற ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லையும் துடைத்துத் துடைத்து வைப்பாள். பினாங்கில், தண்ணீர்மலை ரோட்டில் அப்போது இருந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் இது தெரியும். "மிஸ்ஸி இன்னைக்கு இங்கிலீஷ் பேசுது, ஒதுங்கிக்கங்க" என்று வார்டு அட்டெண்டன்ட் காஜா மொய்தீன் மற்றவர்களை எச்சரிப்பார். தாதிமார்களை அங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

1941ஆம் ஆண்டு முடியும்போது அவளுக்கு வயது முப்பத்து மூன்று. தகப்பனார் அம்பிகைபாகன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பிறை ரயில் நிலையத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தாயார் காலமாகி வெகுநாள். அப்பாவும் மகளுமாக ஆயர் ஈத்தாமில் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தார்கள். கலியாணம் கட்டினால் தாதி வேலையை விட்டுவிட வேண்டும் என்பது அந்தக் காலத்து விதி. இரண்டு வரன்கள் வந்தன. இரண்டையும் அவளே திருப்பி அனுப்பிவிட்டாள்.

அப்படிப் பிடித்துக்கொண்டிருந்த அந்த வேலையில்தான் ஒரு சுவர் இருந்தது. பயிற்சித் தாதி, அதற்கு மேல் தாதி, அதோடு சரி. அதற்கு மேலே இருந்த சிஸ்டர், மேட்ரன் பதவிகள் கப்பலில் வந்து இறங்குகிற வெள்ளைக்காரிகளுக்கு. யாரும் இதை ஒளித்துச் செய்யவில்லை. வேலை விதிப் புத்தகத்தில் 'ஐரோப்பியப் பெண்கள்' என்று அச்சிலேயே போட்டிருந்தது. பன்னிரண்டு வருடத்தில் நான்கு சிஸ்டர்களை யோகம்மா பழக்கிவிட்டிருந்தாள். மலேரியாக் காய்ச்சல் எப்படி நடுக்கும், பெரிபெரி வந்த காலை விரலால் அழுத்தினால் எப்படிக் குழி விழும், சயாம்காரக் கூலிக்கு எந்தச் சாப்பாடு ஆகாது, எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். கடைசியாக வந்தவளுக்கு இருபத்து நான்கு வயது. மூன்றாவது மாதம் அவள் நோயாளிகள் முன்னிலையில் யோகம்மாவின் சட்டைக் கைமடிப்பு சரியில்லை என்று கண்டித்தாள். யோகம்மா மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். அன்று பிற்பகல் முழுவதும் அவளுடைய ஆங்கிலம் கண்ணாடி மாதிரி இருந்தது.

அவளுக்கு அங்கே ஒரே ஒரு சிநேகிதி. கூ சியூ லான். யோகம்மாவைவிட வேலையில் நான்கு வருடம் மூத்தவள், தடித்த கண்ணாடி போட்டவள், அறுவைக்கூடத்தில் அவள் கை இல்லாமல் எந்த வெள்ளைக்கார டாக்டரும் கத்தியை எடுக்க மாட்டார். இருவரும் ஆங்கிலமும் மலாயும் கலந்துதான் பேசிக்கொள்வார்கள்; சியூ லான் பேச்சில் அந்த ஊர் வழக்கமான 'லா' ஒட்டிக்கொண்டு வரும். கைமடிப்புக் கதையைக் கேட்டுச் சியூ லான் சிரித்தாள்.

"நாமெல்லாம் ஏணி லா, யோகம். ஏறினவங்க ஏணிக்கு வணக்கம் சொல்லிட்டா போவாங்க?"

யோகம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

டிசம்பர் பதினோராம் தேதி காலை ஜப்பான் விமானங்கள் வந்தன. நம்முடைய விமானங்கள் என்று நினைத்து ஜனங்கள் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நண்பகலுக்குள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கால் வைக்க இடமில்லை. லாரியிலும் கைவண்டியிலும் கழற்றிய கதவுப் பலகையிலுமாகக் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஐந்து நாள் யோகம்மா வீட்டுக்குப் போகவில்லை. ஆறாம் நாள் விடியற்காலையில் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்து வார்டுக்கு வந்தபோது சிஸ்டர் மேசையில் யாரும் இல்லை. அடுத்த வார்டிலும் இல்லை. காஜா மொய்தீன் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"மிஸ்ஸி, ஒருத்தரும் இல்லீங்க. குவார்ட்டர்ஸ் வரைக்கும் போய்ப் பார்த்துட்டேன். கொசுவலை கட்டினது கட்டினபடி கிடக்கு. ஃபெர்ரியில ஏத்திக் கப்பலுக்குக் கொண்டு போயிட்டாங்களாம். வெள்ளைக்காரங்களை மட்டும்."

"மேட்ரன்?"

"அவுங்களும்தான்."

முந்தின நாள் மாலை மேட்ரன் அவள் தோளைத் தொட்டு, "நாளைக் காலையில் புது அட்டவணை போடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். யோகம்மா அதை நினைத்துப் பார்த்தாள். அந்தக் கை தோளில் பட்ட இடம் எரிவது போல இருந்தது.

அதற்குள் ஏழாம் கட்டிலில் ஒருவன் அலறத் தொடங்கினான். துறைமுகத்துக் கூலி, வலது கால் முழங்காலுக்குக் கீழே கூழாகியிருந்தது. மார்ஃபின் போட வேண்டிய நேரம். மார்ஃபின் அலமாரியின் சாவி சிஸ்டர் கையில்தான் இருக்கலாம் என்பது விதி. உள்ளூர்த் தாதி அந்தச் சாவியைத் தொடவே கூடாது. முந்நூறு பேர் காயத்தோடு கிடக்க, அந்தச் சாவி ஒரு வெள்ளைக்காரியின் பையில் சிங்கப்பூருக்குக் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணே, கடப்பாரை இருக்கா?"

காஜா மொய்தீன் தயங்கினார். "உடைச்சா நாளைக்கு நம்மளைக் கேப்பாங்களே, மிஸ்ஸி?"

"கேக்கட்டும். யோகம்மாதான் உடைச்சான்னு சொல்லுங்க."

மூன்றாவது அடியில் பூட்டு தெறித்தது. சத்தம் கேட்டு டாக்டர் பரமநாதன் வந்து எட்டிப் பார்த்தார். இருபது வருடம் வேலை செய்தும் துணை டாக்டர் என்ற பலகையோடு நின்றுபோனவர், எதற்கும் பயப்படுகிறவர். உடைந்த கதவைப் பார்த்தார், யோகம்மாவைப் பார்த்தார். "நான் ஒண்டும் காணேல்லை" என்று சொல்லிவிட்டு ஊசிக்குக் கையை நீட்டினார்.

ஜப்பான்காரர்கள் ஊருக்குள் வர இன்னும் இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளும் ஆஸ்பத்திரியை நடத்தியது உள்ளூர்க்காரர்கள். பரமநாதன் அறுத்தார், சியூ லான் கூடவே நின்றாள், யோகம்மா நான்கு வார்டுகளை ஓட்டினாள், காஜா மொய்தீன் பிணங்களை அடக்கத்துக்கு அனுப்பினார். எதுவும் நின்றுபோகவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. பன்னிரண்டு வருடமாக உங்களால் முடியாது, உங்களால் முடியாது என்று சொல்லிச் சொல்லி வைத்திருந்த வேலை இவ்வளவுதானா?

ஜனவரியில் புதிய தலைவர் வந்தார். டாக்டர் குரோகி, ராணுவ டாக்டர். மெல்லிய குரல், நல்ல ஆங்கிலம். எல்லோரையும் முற்றத்தில் நிற்கவைத்து, ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் கிழக்குத் திசை பார்த்து வணங்கச் சொல்லி, பிறகு பேசினார். "வெள்ளையன் உங்களைக் கீழ்ப்படியில் நிறுத்தினான். படியையே உடைக்கத்தான் நாங்கள் வந்திருக்கிறோம். இனி இங்கே தலைமைத் தாதி ஆசியப் பெண்தான்."

அதைக் கேட்டபோது தன் நெஞ்சு நிறைந்துபோனதை யோகம்மா பிற்காலத்தில் மறைத்ததில்லை. "வெட்கக்கேடுதான். ஆனா உண்மை" என்பாள்.

பதவி யாருக்கு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. சியூ லான் மூத்தவள், கெட்டிக்காரி. ஆனால் ஜப்பானுக்கு ஏற்கெனவே சீனாவோடு போர். ஏப்ரலில் நகரத்தைத் தெருத் தெருவாக மறித்தார்கள். சாக்குத் துணியால் முகத்தை மூடிய ஆள்காட்டிகள் கை காட்டிய சீனர்களை எல்லாம் லாரியில் ஏற்றினார்கள். சியூ லானின் தம்பி ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவனையும் ஏற்றினார்கள். அவன் திரும்பி வரவேயில்லை. மே மாதம் குரோகி யோகம்மாவை அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் பெயர்ப்பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இனம் எழுதியிருந்தது. அவள் பெயருக்கு எதிரே 'இந்தோஜின்' என்று இருந்தது, இந்தியக்காரி என்று அர்த்தம்.

"நீ தலைமைத் தாதி."

'மிஸ் கூ என்னைவிட மூத்தவர்' என்ற வாக்கியம் அவள் நாக்கு நுனிவரை வந்தது. வெளியே வரவில்லை. குனிந்து வணங்கிவிட்டு, சிவப்புக் கோடு போட்ட தொப்பியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அதே வாரம் சியூ லானை அறுவைக்கூடத்திலிருந்து எடுத்து, பின்கட்டில் இருந்த சலவைக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். காலரா நோயாளிகளின் துணிகளைத் தொட்டியில் போட்டு வேகவைக்கிற வேலை. யோகம்மா மூன்று நாள் அந்தப் பக்கம் போகாமல் இருந்தாள். நான்காம் நாள் போனாள். நீராவியில் சியூ லானின் கண்ணாடி மூடிக் கிடந்தது. அவள் அதைத் துடைக்கக்கூட நிற்கவில்லை.

"நான் கேட்கல, லான். அவனாகக் கொடுத்தான். நான் வேண்டாம்னு சொல்லியிருந்தா வேற யாருக்காவது—"

"அப்படித்தான் அந்த நாலு சிஸ்டரும் சொல்லியிருப்பாங்க, இல்லையா?" சியூ லான் மரக்கழியால் துணியைப் புரட்டினாள். "அவங்களுக்குத் தெரியாது லா, கீழே நிக்கிறது எப்படி இருக்கும்னு. உனக்குத் தெரியும். தெரிஞ்சும் எடுத்துக்கிட்டே."

யோகம்மா திரும்பி நடந்தாள். அன்று வந்த கோபத்துக்கு எந்தப் பாஷையும் போதவில்லை. குரோகி மேல் கோபம், கப்பலேறிப் போன மேட்ரன் மேல் கோபம், உண்மையை இப்படி முகத்தில் எறிந்த சியூ லான் மேலும் கோபம். எல்லாவற்றுக்கும் அடியில், தன்மேலேயே. தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். பிறகு ஒரு நோயாளி கூப்பிட்டான். மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டு போனாள்.

அந்தத் தொப்பியோடு அவள் ஒன்றரை வருடம் இருந்தாள். அந்த ஒன்றரை வருடத்தில் படி எதுவும் உடைந்ததாக அவள் காணவில்லை. வேறு ஆட்கள் ஏறி நின்றார்கள், அவ்வளவுதான். சமையற்கட்டில் ஜப்பான்காரர்களுக்குச் சோறு. மலாய்க்காரர்களுக்கும் இந்தியர்களுக்கும் பாதிச் சோறு, பாதி மரவள்ளிக்கிழங்கு. சீனர்களுக்கு மிஞ்சியது எதுவோ அது. யார் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று தினமும் காலையில் பெயர் வாசிப்பது தலைமைத் தாதியின் வேலை. தன் வாயாலேயே அவள் வாசித்தாள். மலாய்ப் பெண் நோர்மா, பயிற்சித் தாதி, மருந்துத் தட்டைக் கையில் பிடித்திருந்ததால் ஜப்பான் சார்ஜண்டுக்குக் குனிந்து வணங்கவில்லை. அவன் அவளைத் தட்டோடு சேர்த்து அறைந்தான். யோகம்மா குரோகியிடம் போய் முறையிட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "ஒழுங்கு பழகட்டும்" என்றார். சியூ லானைப் பற்றியும் ஒரு நாள் துணிந்து கேட்டாள். "சீனர்களை நம்ப முடியாது" என்றார், அதே மெல்லிய குரலில்.

வீட்டில் அப்பாவிடம் கொட்டித் தீர்ப்பாள். அம்பிகைபாகன் நடுங்குவார். "பிள்ளை, வாயை அடக்கு. அவங்கடை கையிலை வாள் கிடக்கு" என்பார்.

"வெள்ளைக்காரன்டை கையிலை புத்தகம் கிடந்தது, அப்பா. வெட்டு ரெண்டும் ஒண்டுதான்."

1943 டிசம்பர் எட்டாம் தேதி காலை. போர் தொடங்கிய நாள் என்று விழா. எல்லோரும் முற்றத்தில் இன வரிசைப்படி நின்றார்கள். சலவைக் கொட்டகைக்காரர்கள் கடைசியில். குரோகி சிறிய மேடையில் ஏறி ஆங்கிலத்தில் பேசினார், ஒருவர் மலாயில் மொழிபெயர்த்தார்.

"உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். முதல் உலகப் போர் முடிந்து, 1919இல் பாரிசில் உலக நாடுகள் கூடின. எல்லா நாட்டு மக்களும், எந்த இனமானாலும் சமமாக நடத்தப்பட வேண்டும் என்று எழுதிவையுங்கள் என ஜப்பான் கேட்டது. பதினேழு பேரில் பதினொரு பேர் சரி என்றார்கள். ஆனாலும் எழுதவில்லை. எல்லோரும் ஒப்பவில்லை என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். பிரிட்டிஷ்காரன் ஒப்பவில்லை. உங்களை ஆண்டானே, அவன்தான்."

கைதட்டச் சொன்னார்கள். தட்டினார்கள். யோகம்மாவின் கைகள் எழவில்லை. அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அவளும் தட்டிவிட்டுப் போயிருப்பாள். பொய் சொல்கிறவனின் குரல் அவளுக்குத் தெரியும். இது அந்தக் குரலில்லை. பாரிசில் அப்படி ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் முடியாது என்றிருக்கிறான். அப்போது அவளுக்குப் பதினோரு வயது. அவள் ஏற முடியாத படியை அன்றே, அந்தக் கூடத்திலேயே கட்டி முடித்திருக்கிறார்கள். அதைத் தெரிந்துவைத்திருக்கிற மனிதர்தான் சியூ லானைத் துணி அவிக்க அனுப்பினார். படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில்.

அவள் வரிசையை விட்டு ஓரடி முன்னால் வந்தாள். டாக்டர் பரமநாதன் பின்னாலிருந்து "யோகம்மா, வேண்டாம் பிள்ளை" என்று முணுமுணுத்தது கேட்டது.

"சார், எனக்கு ஒரு கேள்வி உண்டு." அவளுடைய ஆங்கிலம் அவ்வளவு சுத்தமாக என்றைக்கும் இருந்ததில்லை. "பாரிசில் நீங்கள் கேட்ட சமத்துவம் மிஸ் கூவுக்கும் சேர்த்துத்தானா? அவர் என்னைவிட நான்கு வருடம் மூத்தவர். இந்தத் தொப்பி அவருடையது. இனத்தைப் பார்த்துத்தானே என்னிடம் கொடுத்தீர்கள்? பிரிட்டிஷ்காரர்களும் இனத்தைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள்."

மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் மாற்றவில்லை. தேவையுமில்லை.

குரோகி மேடையிலிருந்து இறங்கி வந்தார். நடையில் அவசரம் இல்லை. அவள் தொப்பியை எடுத்துப் பக்கத்தில் நின்ற சார்ஜண்டிடம் கொடுத்தார். பிறகு அறைந்தார். முதல் அறையில் அவள் நின்றாள். இரண்டாவதிலும் நின்றாள். மூன்றாவது இடது காதின்மேல் விழுந்தது. உள்ளே ஏதோ கிழிவது அவளுக்கே கேட்டது. அந்தக் காதால் அவள் கேட்ட கடைசிச் சத்தம் அதுதான்.

கெம்பெத்தாய் என்ற ஜப்பான் ராணுவப் போலீசிடம் ஒப்படைக்காமல் விட்டது எதனால் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த வாரம் இருபது ஜப்பான் சிப்பாய்கள் காய்ச்சலில் கிடந்ததால் கை தேவைப்பட்டிருக்கலாம் என்று பரமநாதன் சொல்வார். தலைமைத் தாதி வேலை போயிற்று. மறுநாளே சலவைக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள்.

பஞ்சு வைத்துக் கட்டிய காதோடு அவள் கொட்டகைக்குள் நுழைந்தாள். சியூ லான் நிமிர்ந்து பார்த்தாள். கட்டிப்பிடிக்கவில்லை, கண் கலங்கவில்லை.

"நீ அடி வாங்கினதால என் தம்பி வந்துட்டானா? இல்ல எனக்குச் சோறு கூடிச்சா?"

"இல்லை."

"பின்ன எதுக்கு லா பண்ணினே?"

"வாயில இருந்துச்சு. ஒன்றரை வருஷமா."

சியூ லான் தன் கழியைத் தொட்டியில் நிறுத்தினாள். பிறகு மூலையில் கிடந்த இன்னொரு கழியைக் காலால் அவள் பக்கம் தள்ளினாள். "எனக்கு இடது பக்கம் நில்லு. வலது பக்கம் நின்னா நான் சொல்றது உனக்குக் கேக்காது."

அப்படியே இருவரும் ஒன்றே முக்கால் வருடம் துணி அவித்தார்கள். பழைய சிநேகம் பழையபடி ஆனது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தொட்டியருகில் நின்று அவர்கள் பேசாத விஷயம் இல்லை.

1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் கப்பல்கள் திரும்பி வந்தன. ஊர் கொடி பிடித்தது. யோகம்மா கொட்டகையிலிருந்து வார்டுக்குத் திரும்பினாள், சியூ லான் அறுவைக்கூடத்துக்குத் திரும்பினாள். படையோடு வந்த இந்திய ராணுவ டாக்டர் கேப்டன் ராமதாஸ் கோயம்புத்தூர்க்காரர். யோகம்மாவின் கதையைக் கேட்டவர் ஒரு நாள் பட்டாளத்து வாசகசாலையிலிருந்து ஒரு சிறு புத்தகத்தைக் கொண்டுவந்தார்.

"இதப் பாருங்க சிஸ்டர்."

"நான் சிஸ்டர் இல்லை."

"சரிங்க, மிஸ்ஸி. போன வருஷம் மே மாசம் அமெரிக்காவுல பிலடெல்பியாங்கிற ஊர்ல கூட்டம் போட்டிருக்காங்க. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு. நாப்பத்தியொரு நாடு. நம்ம இந்தியாவும் இருக்குது. பிரிட்டனும் இருக்குது."

அவர் அடிக்கோடு போட்டிருந்த இடத்தை அவள் படித்தாள். எல்லா மனிதரும், இனம், மதம், ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லாமல், சுதந்திரத்தோடும் கண்ணியத்தோடும் சம வாய்ப்போடும் தங்கள் நல்வாழ்வைத் தேடிக்கொள்ள உரிமை உள்ளவர்கள் என்று எழுதியிருந்தது. இரண்டு முறை படித்தாள். அந்த மே மாதம் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று யோசித்தாள். வயிற்றுக்கடுப்பு வார்டின் துணி அவித்துக்கொண்டிருந்தாள். முகம் சிவந்தது.

"இருபத்தஞ்சு வருஷத்துக்கு முந்தி முடியாதுன்னு சொன்னவன் இப்ப கையெழுத்துப் போட்டிருக்கான். சந்தோஷப்படுறதா, காறித் துப்புறதா, சொல்லுங்க கேப்டன்."

ராமதாஸ் அதைத் திருப்பி வாங்கவில்லை. "புத்தகத்தை நீங்களே வச்சுக்குங்க" என்றார்.

அடுத்த வருடம் நடுவில் புதிய மேட்ரன் வந்தாள். கூடவே மூன்று சிஸ்டர்கள், மூன்று பேரும் கப்பலில் வந்தவர்கள். உள்ளூர்த் தாதிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தாள்.

"எதிரியிடமிருந்து தலைமைத் தாதிப் பதவியை ஏற்றுக்கொண்டாய், இல்லையா?"

"ஏற்றுக்கொண்டேன். உங்கள் ஆட்கள் அந்த இடத்தைக் காலியாக விட்டுப் போயிருந்தார்கள், மேடம்."

மேட்ரன் கோப்பில் ஏதோ எழுதினாள். பழைய பதவி, பழைய விதி, தாதியாகத் தொடரலாம் என்றாள். யோகம்மா சிறு புத்தகத்தைத் திறந்து மேசைமேல் வைத்தாள். மேட்ரன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தாள். பிறகு அன்பாகவே சொன்னாள், "இது ஆலைத் தொழிலாளிகளுக்கான விஷயம், நர்ஸ்."

"'எல்லா மனிதரும்' என்று போட்டிருக்கிறது, மேடம். ஆலைக்கு வெளியே இருக்கிறவர்கள் மனிதர் இல்லையா?"

அந்த அன்புதான் அவளுக்குத் தாங்கவில்லை. குரோகியின் அறைகூட இவ்வளவு எரியவில்லை என்று சியூ லானிடம் சொன்னாள். அன்று பிற்பகலே இருவரும் உட்கார்ந்து கடிதம் எழுதினார்கள், நேராக அந்த அமைப்புக்கே. போர்க்காலத்தில் அதன் அலுவலகம் கனடாவில் மோன்றியல் நகரத்துக்குப் போயிருந்தது; விலாசத்தை ராமதாஸ் விசாரித்துக் கொடுத்தார். விதிப் புத்தகத்து வரியை அப்படியே எடுத்து எழுதினார்கள். முதல் கையெழுத்து சியூ லானுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று யோகம்மா பிடிவாதம் பிடித்தாள். நோர்மா போட்டாள், காஜா மொய்தீன் போட்டார். முப்பத்தெட்டுப் பேர் ஆயிற்று. பரமநாதன் இரண்டு நாள் யோசித்து முப்பத்தொன்பதாவது ஆளாகப் போட்டார்.

ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. மரியாதையான கடிதம். தனி ஆட்களிடமிருந்து முறையீடு பெற்றுக்கொள்ள எங்களுக்கு அதிகாரம் இல்லை, அரசாங்கங்களோ முதலாளிகள் சங்கமோ தொழிலாளர் சங்கமோ எழுதினால் கவனிக்கலாம் என்று இருந்தது. யோகம்மா அதை வாசித்துவிட்டு மேசையில் ஓங்கி அடித்தாள். மைக்கூடு கவிழ்ந்தது.

"எந்த அரசாங்கம் எழுதும்? விதியை எழுதினதே அரசாங்கம்தானே!"

சியூ லான் கடிதத்தை எடுத்து மையைத் துடைத்தாள். "கடைசி வரியை மறுபடி படி லா. சங்கம்னு போட்டிருக்கு."

துறைமுகத் தொழிலாளர் கூட்டங்களுக்குப் போய் வந்துகொண்டிருந்த காஜா மொய்தீன்தான் சொன்னார், சங்கம் பதிவு செய்ய ஏழு பேர் இருந்தால் போதும் என்று. முப்பத்தொன்பது பேர் இருந்தார்கள்.

உடனே எதுவும் நடந்துவிடவில்லை. சங்கத்தை நிறுத்தப் பார்த்தார்கள், தலைவி சியூ லானைக் கம்யூனிஸ்ட் என்று எழுதிப் போட்டார்கள், செயலாளர் யோகம்மாவை மூன்று முறை வார்டு மாற்றினார்கள். சங்கம் ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பிலும் அந்தப் பிலடெல்பியா வாக்கியத்தை அச்சடித்து அனுப்பிக்கொண்டே இருந்தது. 1950இல் அந்த ஆஸ்பத்திரியின் விதிப் புத்தகத்திலிருந்து 'ஐரோப்பியப் பெண்கள்' என்ற சொற்களை நீக்கினார்கள். சியூ லான் சிஸ்டர் ஆனாள். யோகம்மாவும் விண்ணப்பித்தாள். இடது காது கேட்காததால் தகுதியில்லை என்று பதில் வந்தது. அதைப் படித்துவிட்டு அவள் காகிதத்தை மடித்துச் சங்கக் கோப்பில் வைத்தாள். கடைசிவரை தாதியாகவே இருந்து ஓய்வு பெற்றாள். அதற்காக யாராவது பரிதாபப்பட்டால் எரிந்து விழுவாள்.

நினைத்தது கிடைத்துவிட்டது, சங்கத்தை மூடிவிடலாம் என்று அப்போது சிலர் பேசினார்கள். வார்டு அட்டெண்டன்ட்களைப் பதிவேட்டில் இன்னும் 'தமிழ்க் கூலி', 'மலாய்க் கூலி' என்றுதான் எழுதுகிறார்கள், ஐம்பது வயது மனிதனைப் 'பையா' என்று கூப்பிடுகிறார்கள், எந்த வாயால் மூடச் சொல்கிறீர்கள் என்று யோகம்மா கேட்டாள். அதற்காகச் சங்கம் தொடுத்த வழக்கு இன்னும் நாலு வருடம் இழுத்தது. முடிவு வருவதற்கு முன்பே காஜா மொய்தீன் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

உத்தரவு வந்த அன்று யோகம்மா பஸ் பிடித்து ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பின்னால் இருந்த அவர் வீட்டுக்குப் போனாள். காகிதத்தை விரித்துச் சத்தமாக வாசித்தாள். இனிமேல் பதிவேட்டில் இனம் எழுதக் கூடாது, கூலி என்ற சொல் கூடாது, வார்டு உதவியாளர் என்று எழுத வேண்டும். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இது இப்ப வேலை பாக்குறவங்களுக்குத்தானா, மிஸ்ஸி? என் பேருக்கு எதிர்க்க இருக்கிறதை மாத்துவாங்களா?"

"மாத்த மாட்டாங்க, அண்ணே. ஓய்வு பெற்றவங்களுக்கு இல்லைன்னு போட்டிருக்கு."

காஜா மொய்தீன் காகிதத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், அவளிடமே கொடுத்தார்.

"அப்ப அதையும் கேளுங்க" என்றார்.